ஏரிகள் மங்கும் வரிசை: தாம்பரம் வட்டாரத்தை முன்வைத்து

தாம்பரம் கிழக்கிலிருந்து வேளச்சேரிக்குப் போகும் பேருந்து சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மேடவாக்கம், பள்ளிக்கரணை என்று ஊர் ஊராக நின்று போகிறது. இந்த நிறுத்தப் பெயர்கள் எல்லாம் நீர்நிலைகளின் பெயர்களும்தான். சாலையோரக் கடைகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் பின்னால் அந்த நீர்நிலைகள் அரையும் குறையுமாக இன்னும் இருக்கின்றன. பேருந்தில் நிற்பவர்களில் எத்தனை பேர் அவற்றின் கரையில் கால் வைத்திருப்பார்கள்? ஓர் ஏரி மண்ணில் மிச்சமிருந்தும் மனத்திலிருந்து போய்விட முடியும். மண்ணிலிருந்து போன பிறகும் பெயரில் மட்டும் தங்கிவிட முடியும். தென்சென்னைப் புறநகர்ப் பகுதியில் இவை இரண்டும் நடந்திருக்கின்றன, இன்றும் நடக்கின்றன.

ஏரிகள் மறைவதைப் பற்றி நாம் பேசும்போது ஆக்கிரமிப்பு என்ற ஒற்றைச் சொல்லில் நிறுத்திக்கொள்கிறோம். லாரி வந்தது, மண் கொட்டப்பட்டது, வீடு எழுந்தது. இது உண்மைதான், ஆனால் கதையின் கடைசிப் பகுதி. லாரி வருவதற்கு முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே அந்த ஏரி மங்கத் தொடங்கியிருக்கும். அதற்கு ஒரு வரிசை உண்டு என்பது என் எண்ணம். முதலில் ஏரியின் வேலை போகிறது. பிறகு அதன் கால்வாய். பிறகு கணக்கு. பிறகு நினைவு. இவ்வளவும் போன பின்புதான் நிலம் போகிறது. இந்த வரிசையைப் பார்க்காமல் கடைசிக் கட்டத்தில் மட்டும் கைவைப்பதால்தான், மீட்கப்பட்டதாகச் சொல்லப்படும் ஏரிகளைச் சுற்றியே வெள்ளம் வருகிறது.

பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கு ஏரி மாவட்டம் என்றே பெயர். இங்கே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. பாலாறும் பெரும்பகுதி நாட்கள் மணலாகவே கிடக்கும். ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய சில வாரங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். நிலமோ ஏறக்குறைய தட்டை. மேற்கே பல்லாவரம், பச்சைமலை, திருநீர்மலைக் குன்றுகள். அங்கிருந்து கிழக்கே கடல் வரை கண்ணுக்குத் தெரியாத ஒரு சரிவு. அந்தச் சரிவில் விழும் மழையைப் பிடித்து வைக்க இருந்த ஒரே வழி, குறுக்கே பிறை வடிவில் மண்கரை போட்டுத் தேக்குவது. ஓர் ஏரி நிறைந்தால் அதன் கலங்கல் வழியே மிச்சநீர் வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும். அங்கே நிறைந்தால் அதற்கடுத்த ஏரிக்கு. சேலையூர், சிட்லபாக்கம், ராஜகீழ்ப்பாக்கம் பக்கத்து நீர் செம்பாக்கத்துக்கும், அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்புக்கும் போன பாதை அப்படிப்பட்டது. தெற்கே சித்தாலப்பாக்கம், பெரும்பாக்கம் வழியாக வரும் நீரும் அதே சதுப்பில்தான் சேர்ந்தது. சதுப்பிலிருந்து ஒக்கியம் மடுவு என்ற நீர்வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கும், அங்கிருந்து முட்டுக்காடு - கோவளம் முகத்துவாரம் வழியே கடலுக்கும் வழி இருந்தது. தாம்பரத்துக்கு மேற்கே கதை வேறு. ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரிநீர் திரண்டுதான் அடையாறு ஆகிறது. அந்த ஆற்றுக்கு மலையில் ஊற்றில்லை, ஏரிகளே அதன் ஊற்று.

ஏரிகளை வெட்டியது மட்டும் பெரிதல்ல. அவற்றை வைத்துக் காப்பாற்றியதுதான் பெரிது. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஏரி வாரியம் என்ற குழுவையும் அதற்கு ஆள் தேர்ந்தெடுக்கும் முறையையும் சொல்கின்றன. அதற்கு எண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகு, 1767 முதல் 1774 வரை, தாமஸ் பர்னார்ட் என்ற ஆங்கிலேயர், கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கிடைத்த செங்கல்பட்டு ஜாகீர் என்ற நிலப்பகுதியின் ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்தார். ஊரின் பரப்பு எவ்வளவு, அதில் ஏரி எவ்வளவு, காடு எவ்வளவு, விளைச்சலில் யார் யாருக்கு என்ன பங்கு என்று அந்தக் கணக்கு விரிகிறது. களத்தில் நெல் அளக்கும்போதே கோயிலுக்கும் வண்ணாருக்கும் தலையாரிக்கும் மேரை என்ற பங்கை ஒதுக்கியதுபோல, ஏரிக்கும் ஒதுக்கினார்கள். ஏரி அவர்களுக்குப் பொதுச் சொத்து மட்டுமல்ல, பங்கு வாங்கும் ஓர் உறுப்பினர்.

கம்பெனி ஆட்சி விளைச்சலின் பெரும்பகுதியை வரியாக எடுத்துக்கொண்டபோது இந்த ஒதுக்கீடுகள் வற்றின. 1790களில் ஜாகீரின் கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸ் ஏரிகளைச் செப்பனிடுவதில் அக்கறை காட்டியவர். கரை உடையாமல் ராமரே காத்தார் என்று சொல்லும் மதுராந்தகம் ஏரி காத்த ராமர் கதையில் வரும் துரை அவர்தான். ஆனால் ஒரு கலெக்டரின் அக்கறை ஊர் ஏற்பாட்டுக்கு ஈடாகாது. 1858இல் சென்னை அரசு கட்டாய உழைப்புச் சட்டம் கொண்டுவந்து, ஊரார் கூடி ஏரியைப் பழுதுபார்க்கும் குடிமராமத்துக்கு வராதவர்களைச் சட்டத்தால் வரவழைக்கப் பார்த்தது. தானாக நடந்த காரியத்துக்குச் சட்டம் தேவைப்பட்டது என்பதே, அதற்குள் எவ்வளவு கெட்டுப்போயிருந்தது என்பதைக் காட்டுகிறது. ஆகவே ஏரிகள் மங்கியது நகரம் வந்ததால் மட்டும் என்று சொல்ல முடியாது. நகரம் வந்தபோது ஏரிகளுக்கு ஏற்கெனவே காவல் குறைந்திருந்தது.

நகரம் ரயிலில் வந்தது. 1931இல் கடற்கரை - தாம்பரம் மீட்டர்கேஜ் பாதையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டுத் தாம்பரத்துப் புதர்க்காட்டுக்கு இடம்பெயர்ந்தது. தோல் தொழிற்சாலை ஒன்றின் பெயரைத் தாங்கிய குரோம்பேட்டை வளர்ந்தது. காசநோய் மருத்துவமனையான சானடோரியம், விமானப்படைத் தளம், 1980களில் ஏற்றுமதி மண்டலம் என்று ஒவ்வொன்றாக வந்தன. தொடக்கத்தில் இவையெல்லாம் மேட்டு நிலத்தில், ரயில் பாதையையும் ஜிஎஸ்டி சாலையையும் ஒட்டியே அமர்ந்தன. ஏரிக்கு எந்த இடைஞ்சலும் இல்லை. இடைஞ்சல் தொடங்கியது ஏரிக்குக் கீழே இருந்த நஞ்சையில்.

ஏரியின் தண்ணீர் பாயும் நிலத்துக்கு ஆயக்கட்டு என்று பெயர். ஆயக்கட்டில் நெல் இருக்கும்வரை ஏரிக்குக் குறைந்தது நூறு பேர் சொந்தக்காரர்கள். மதகு ஒழுகினால் சண்டை வரும், ஏரிக்குத் தண்ணீர் வரும் வரத்துக்காலில் ஒருவர் மண் போட்டால் ஊர் கூடும். எந்த மதகை எப்போது திறப்பது, எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்று பார்த்துக்கொள்ள நீர்க்கட்டி இருப்பார். 1970களிலிருந்து இந்த வயல்கள் மனைகளாகத் தொடங்கின. நகரத்தில் வாடகைக்கு இருந்த குமாஸ்தாவும் ஆசிரியரும் ரயில்வே ஊழியரும் சேமிப்பைப் போட்டு வாங்கிய அரை கிரவுண்டு, ஒரு கிரவுண்டு மனைகள் அவை. அவர்கள் ஏரியை அழிக்க வந்தவர்கள் இல்லை. ஆனால் வயல் மனையான அந்த நாளில் ஏரியின் வேலை போய்விட்டது. நெல்லுக்குத் தண்ணீர் விட வேண்டாம் என்றால் மதகு எதற்கு? நீர்க்கட்டி எதற்கு? நூறு சொந்தக்காரர்கள் இருந்த இடத்தில் ஒருவரும் இல்லை. இன்னும் மோசம்: முன்பு ஏரி நிறையவேண்டும் என்று வேண்டிய ஊர், இப்போது ஏரி நிறையக்கூடாது என்று வேண்டத் தொடங்கியது. நிறைந்தால் வீட்டுக்குள் தண்ணீர் வரும். கரையை வெட்டிவிடு, கலங்கலைத் தாழ்த்து என்ற குரல்கள் இப்படித்தான் எழுகின்றன.

இந்தக் கட்டத்தை நாம் போதிய அளவு கவனிக்கவில்லை. அரசின் பாகுபாடு ஒன்று இதை இன்னும் கடுமையாக்கியது. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரிகள் பொதுப்பணித் துறைக்கு, அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்துக்கு என்பது நெடுநாள் ஏற்பாடு. அளவுகோல் ஏரியின் பரப்பு அல்ல, அது பாயும் நிலத்தின் பரப்பு. ஆயக்கட்டே இல்லாமல் போன ஒரு புறநகர் ஏரியை இந்த அளவுகோலில் எங்கே வைப்பது? பாசன ஏரி என்ற பெயரில் ஒரு துறையின் பட்டியலில் அது இருக்கும். பாசனம் இல்லாததால் அதற்குப் பணம் ஒதுக்க முகாந்திரம் இருக்காது. வெள்ளத்தைத் தாங்குவதும் கிணறுகளுக்கு ஊற்றுக் கொடுப்பதும் ஏரியின் வேலைதான் என்று நிர்வாகம் ஒப்புக்கொள்ள 2015 பெருவெள்ளம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அடுத்து மங்குவது கால்வாய். ஏரியைவிட எளிதாக மறையக்கூடியது இது, ஏனென்றால் ஆண்டில் பத்து மாதம் அது காய்ந்துதான் கிடக்கும். பத்தடி அகலத்தில் புல் முளைத்த ஒரு பள்ளத்தைப் பார்த்து, கார்த்திகையில் இதில் ஆள் மட்டத்துக்குத் தண்ணீர் ஓடும் என்று கோடையில் மனை வாங்க வந்தவருக்கு எப்படித் தெரியும்? பள்ளம் பாதையாகும், பாதை தெருவாகும், தெருவுக்குத் தார் விழும். நாலைந்து தெருக்களில் இப்படி நடந்துவிட்டால் மேல் ஏரிக்கும் கீழ் ஏரிக்கும் உறவு அறுந்துவிடும். இரண்டும் வரைபடத்தில் நீலமாகவே இருக்கும், நடுவில் இருந்த கோடு மட்டும் இருக்காது.

பெரிய சாலைகள் செய்தது இதைவிடப் பெரியது. பல்லாவரத்தையும் துரைப்பாக்கத்தையும் இணைக்கும் 200 அடி ரேடியல் சாலை பல்லாவரம் பெரிய ஏரியை இரண்டாகப் பிளந்துகொண்டு போகிறது. பிறகு கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகளையும், கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பையும் வெட்டிச் செல்கிறது. தாம்பரம் - மதுரவாயல் புறவழிச்சாலை தொடங்கும் இரும்புலியூரிலும், அதையடுத்த பீர்க்கன்காரணையிலும் ஏரிகளுக்கும் ஜிஎஸ்டி சாலைக்கும் ரயில் பாதைக்கும் இடையே நெரிசல்தான். உயரமாக மண் கொட்டிப் போடும் எந்தச் சாலையும் தன்னை அறியாமலே ஒரு புதிய ஏரிக்கரை ஆகிவிடுகிறது, மதகும் கலங்கலும் இல்லாத கரை. அதன் ஒரு பக்கத்தில் குடியிருப்பவர்கள் மழைக்காலத்தில் ஏரிக்குள் குடியிருப்பவர்கள். பெருநகரத்துக்குச் சாலை வேண்டாமென்று யாரும் சொல்ல மாட்டார்கள். பழைய நீர்வழி எங்கே குறுக்கிடுகிறதோ அங்கே அதன் முழு அகலத்துக்கும் பாலம் கட்டியிருக்க வேண்டும். பல இடங்களில் குழாய்களைப் பதித்ததோடு நிறுத்திக்கொண்டார்கள்.

மூன்றாவது, கணக்கு. கிராமத்து அ பதிவேட்டில் நிலம் ஏரி, வாய்க்கால், களம், மேய்க்கால், நத்தம் என்று வகை பிரித்து எழுதப்பட்டிருக்கும். இவற்றுள் பட்டா இல்லாததை எல்லாம் புறம்போக்கு என்ற ஒரே குடைக்குள் அடக்கினார்கள். வரி வராத நிலம் என்பதுதான் அதன் பொருள். வரி வராதது நாளடைவில் பயன் இல்லாதது என்று கருதப்பட்டது. பயன் இல்லாத நிலமென்றால் பேருந்து நிலையத்துக்குக் கொடுக்கலாம், அலுவலகத்துக்குக் கொடுக்கலாம், வீட்டுவசதி வாரியத்துக்கு மாற்றலாம், குப்பை கொட்டலாம். வேளச்சேரி ஏரியின் நிலத்தில் அரசே வீட்டுமனைத் திட்டம் போட்டது. சென்னைக்குள் இதற்கு முன்னோடி இன்னும் பழையது. மாம்பலம், நுங்கம்பாக்கத்தை ஒட்டிப் பரந்திருந்த நெடிய ஏரியை வடியவைத்துத்தான் 1920களில் தியாகராய நகரை அமைத்தார்கள். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ சாலை இன்றும் இருக்கிறது. ஏரியைத் தூர்த்து நகரம் கட்டுவது குற்றமாகத் தோன்றாத காலம் அது. ஆனால் மாம்பலத்தில் செய்ததைத் தாம்பரம் வரை ஏரி ஏரியாகத் தொடர முடியாது. கீழே கடல் மட்டத்தோடு கிடக்கும் சதுப்பைத் தவிர, தண்ணீரை அனுப்ப வேறு இடமில்லை.

சட்டங்கள் வராமலில்லை. 2001இல் ஹிஞ்ச் லால் திவாரி வழக்கில் குளங்கள் பொதுச் சொத்து, அவற்றைக் காக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். 2011இல் ஜக்பால் சிங் வழக்கில் ஊர்ப் பொதுநில ஆக்கிரமிப்புகளை அகற்றத் திட்டம் வகுக்கும்படி எல்லா மாநிலங்களுக்கும் சொன்னது. தமிழ்நாடு 2007இல் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டத்தை இயற்றியது. அது பொதுப்பணித் துறையின் பொறுப்பில் உள்ள ஏரிகளுக்கானது. தாங்கல் எனப்படும் சிறிய ஏரிகளும் வாய்க்கால்களும் அதன் கைக்கு எட்டவில்லை. 2016 செப்டம்பரில் அனுமதியற்ற மனைகளைப் பத்திரப்பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தபோது புறநகர் மனைச் சந்தையே ஆடிப்போனது. அடுத்த ஆண்டே அத்தகைய மனைகளை வரன்முறைப்படுத்தும் திட்டம் வந்தது. 2023இல் நிறைவேறிய நில ஒருங்கிணைப்புச் சட்டம், பெரிய சிறப்புத் திட்டங்களுக்கான நிலத்துக்குள் நீர்நிலைகள் இருந்தாலும் அவற்றையும் உள்ளடக்கி ஒருங்கிணைக்க வழி செய்கிறது. ஒரு கையால் ஏரியைக் காக்கும் அரசு மறு கையால் அதைத் திட்டங்களுக்கு ஒதுக்கும் உரிமையையும் தன்னிடம் வைத்துக்கொள்கிறது. எனக்கு இது ஏற்புடையதாக இல்லை.

ஆக்கிரமிப்பாளர் யார் என்ற கேள்வியை இங்கே நேராகக் கேட்டாக வேண்டும். ஏரிக்கரையில் தகரக் கொட்டகை போட்டவரை நாம் உடனே அடையாளம் காண்கிறோம். ஆனால் பள்ளிக்கரணைச் சதுப்பிலும் அதன் விளிம்பிலும் அரசு ஆய்வு நிறுவனங்கள், பறக்கும் ரயில் நிலையம், மென்பொருள் வளாகங்கள், கல்லூரிகள், அடுக்குமாடித் தொகுதிகள் எல்லாம் முறையான கோப்புகளோடு எழுந்தன. பெருங்குடிக் குப்பைமேடு 1980களிலிருந்து சதுப்பின் மேலேயே வளர்ந்தது. 1960களில் 5,000 ஹெக்டேருக்கும் மேல் பரந்திருந்ததாக மதிப்பிடப்படும் சதுப்பு அதில் சிறு பங்காகச் சுருங்கியது. சுருக்கியவர்களில் கொட்டகைக்காரரின் பங்கு மிகக் குறைவு.

இதில் என்னை மிகவும் உறுத்துவது வேறொன்று. கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் நகருக்குள் ஆற்றோரத்திலும் கடலோரத்திலும் இருந்து அகற்றப்பட்ட ஏழைகளுக்காகக் கட்டப்பட்ட குடியிருப்புகள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்குக் கொண்டுபோனார்கள். நீர்நிலையை ஆக்கிரமித்தீர்கள் என்று சொல்லி அகற்றப்பட்டவர்களை, வேலையும் பள்ளியும் விட்டு இருபது கிலோமீட்டர் தள்ளி, இன்னொரு நீர்நிலையின் தாழ்ந்த விளிம்பில் குடிவைத்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது பெரும்பாக்கத்தைத் தண்ணீர் சூழ்ந்தது. ஏரி மறைவதைப் பற்றிய எந்த ஆய்வும் இந்த மனிதர்களைக் கணக்கில் எடுக்காவிட்டால் நேர்மையாகாது.

இன்னொரு வகை மறைவு உண்டு, கண்ணுக்கு அது மறைவாகவே தெரியாது. ஏரி தளும்ப நிற்கும், பச்சைப்பசேல் என்று ஆகாயத்தாமரை படர்ந்திருக்கும். சித்திரையிலும் வற்றாது. ஏரி உயிரோடு இருக்கிறது என்று நினைப்போம். உண்மையில் அதில் நிற்பது சாக்கடை. பாதாளச் சாக்கடை எட்டாத குடியிருப்புகளின் கழிவுநீர் மழைநீர் வடிகாலில் இறங்கி, பழைய வரத்துக்கால் வழியாகவே ஏரிக்கு வந்து சேர்கிறது. பழைய ஏரிக்குக் கோடை என்று ஒரு பருவம் இருந்தது. வற்றும், வண்டல் வெடிக்கும், ஊரார் வண்டி கட்டி வந்து வண்டலை அள்ளி வயலுக்குக் கொண்டுபோவார்கள், மாடு மேயும், பிள்ளைகள் மீன் பிடிப்பார்கள். ஐப்பசிக்குள் ஏரி காலியாகி மழைக்குத் தயாராக இருக்கும். இன்று ஐப்பசி பிறக்கும்போதே ஏரி முக்கால்வாசி கழிவுநீரால் நிறைந்து கிடக்கிறது. மழைநீர் வந்தால் உட்கார இடமில்லை. மாடம்பாக்கம் ஏரியில் கிணறு தோண்டிச் சுற்றுவட்டார ஊர்களுக்குக் குடிநீர் எடுத்தார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், ஏரி நிறைந்திருப்பதும் ஏரி நன்றாக இருப்பதும் வேறு வேறு என்பது புரியும்.

2015 டிசம்பர் 2 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. செம்பரம்பாக்கத்தில் 47. வெள்ளத்துக்குப் பிறகு பேச்சு முழுவதும் செம்பரம்பாக்கம் ஏரியை எப்போது திறந்தார்கள், எவ்வளவு திறந்தார்கள் என்பதைச் சுற்றியே இருந்தது. முடிச்சூரும் வரதராஜபுரமும் பெருங்களத்தூரும் மூழ்கியதற்கு அந்த விளக்கம் போதாது. அந்த ஊர்கள் அடையாற்றில் செம்பரம்பாக்கம் நீர் சேரும் இடத்துக்கு மேலே இருக்கின்றன. அங்கே வந்தது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளைத் தாண்டி வழிந்த தண்ணீர், தாங்கிப் பிடிக்க வேண்டிய ஏரிகள் தூர்ந்தும் அவற்றின் போக்குக்கால் சுருங்கியும் போன ஒரு நிலத்தில். நான்கே ஆண்டுகளில், 2019 கோடையில், இதே வட்டாரம் தண்ணீர் லாரிக்கு முன்பணம் கட்டிக் காத்திருந்தது. அந்த ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்குத் தண்ணீர் வந்தது. வெள்ளத்தையும் வறட்சியையும் தனித்தனிப் பேரிடராக எழுதுகிறோம். செம்பாக்கத்திலும் முடிச்சூரிலும் வாழ்பவர்களுக்கு இரண்டும் ஒரே காரணத்தின் இரண்டு பருவங்கள்.

நினைவு எப்படி மங்குகிறது என்பதைச் சொல்ல ஒரு கோயிலிலிருந்து தொடங்கலாம். பல்லாவரத்துக்கு மேற்கே உள்ள திருநீர்மலை திவ்விய தேசங்களில் ஒன்று. திருமங்கையாழ்வார் இங்கே வந்தபோது மலையைச் சுற்றித் தண்ணீர் சூழ்ந்திருந்ததாகவும், வடியும்வரை ஆறு மாதம் எதிரே காத்திருந்து வழிபட்டதாகவும் தலவரலாறு சொல்கிறது. அடியார்கள் அதை ஆழ்வாரின் பக்திக்குச் சான்றாகக் கேட்கிறார்கள், அது சரியே. கூடவே அது அந்த நிலத்தைப் பற்றிய ஒரு குறிப்பும் ஆகும். ஒரு பெருமழைக்குப் பின் இந்தத் தாழ்வான பகுதியில் தண்ணீர் மாதக்கணக்கில் நிற்கும் என்று அங்கே வாழ்ந்தவர்கள் அறிந்திருந்தார்கள். கதை சொல்லும் குடும்பங்கள் அந்த ஊரிலேயே இருக்கும்வரை அந்த அறிவும் இருந்தது. இன்று புறநகரில் வாழ்பவர்களில் மிகப் பெரும்பாலோர் கடந்த இரண்டு மூன்று தலைமுறைக்குள் மதுரையிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் வடக்கிலிருந்தும் வந்தவர்கள். தாம்பரத்துக்கு மிக அருகில் என்று விளம்பரம் வந்தது, வாங்கினார்கள். தாங்கல், கலங்கல், மடுவு என்ற பெயர்கள் அவர்களுக்கு வெறும் முகவரி. இது அவர்கள் குற்றமில்லை. பத்திரத்தில் சர்வே எண் இருக்கிறது, வில்லங்கச் சான்றிதழ் இருக்கிறது. எந்த மழைக்கு இந்த மனையில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்பதைச் சொல்லும் ஒரு தாள்கூட இல்லை.

ஆனால் நினைவு திரும்பியும் வரும், புதியவர்களாலேயே. சிட்லபாக்கத்தில் அதுதான் நடந்தது. 2019 வறட்சியின்போது குடியிருப்பாளர்களே மண்வெட்டியோடு ஏரிக்குள் இறங்கினார்கள். விடாமல் மனு எழுதினார்கள், ஆவணங்களைத் தேடி எடுத்தார்கள், அந்த ஆண்டே அரசு 25 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தது. செம்பாக்கம் ஏரியில் நேச்சர் கன்சர்வன்சி, கேர் எர்த் அறக்கட்டளை, சென்னை ஐஐடி ஆகியவை சேர்ந்து, கழிவுநீரைத் தாவரங்களின் உதவியோடு சுத்திகரிப்பதையும் உள்ளடக்கிய சீரமைப்பை மேற்கொண்டன. பள்ளிக்கரணையில் 2007இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் 1,247 ஹெக்டேருக்கு, பன்னாட்டு முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்ற ராம்சர் தகுதி கிடைத்தது. 2025இல் அந்த எல்லைக்குள்ளும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள்ளும் கட்டட அனுமதி வழங்குவதைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நிறுத்திவைத்தது. இவை சின்ன வெற்றிகள் இல்லை. சேற்றில் இறங்கிய அந்தக் குடியிருப்பாளர்கள் ஏரி இழந்த சொந்தக்காரர்களை அதற்குத் திரும்பக் கொடுத்திருக்கிறார்கள்.

எனினும் சீரமைப்பு என்ற பெயரில் நடப்பதையெல்லாம் ஒன்றாக வைத்துப் பாராட்ட என்னால் முடியவில்லை. பல இடங்களில் ஏரியை ஆழமாகத் தோண்டி, சுற்றிலும் நடைபாதை போட்டு, விளக்கும் பெஞ்சும் வைத்து, நடுவில் ஒரு திட்டு அமைத்துத் திறப்பு விழா நடத்துகிறார்கள். நடைபாதை நல்லதுதான், மாலையில் முதியவர்கள் நடக்கிறார்கள், கண் முன்னால் இருக்கும் ஏரியில் குப்பை கொட்டக் கூச்சம் வருகிறது. ஆனால் சுற்றிலும் அடைத்துக் கட்டிய கரைக்குள் மழைநீர் எந்த வழியாக வரும், நிறைந்தால் எந்த வழியாகப் போகும்? வரத்தும் போக்கும் இல்லாத நீர்நிலை, ஏரியாக இருந்த இடத்தில் அமைந்த ஒரு தொட்டி. ஏரி தனியாக வாழும் பொருள் அன்று. செம்பாக்கத்தைச் சரிசெய்து நன்மங்கலம் கால்வாயை விட்டுவிட்டால் பணத்தில் பாதி வீண்.

அப்படியானால் செய்ய வேண்டிய வேலை எது? ஏரியின் பரப்பை அளந்து வேலி போடுவதற்கு முன், வட்டாரம் முழுவதிலும் பழைய புல வரைபடங்களில் உள்ள வரத்துக்கால், போக்குக்கால் ஒவ்வொன்றையும் இன்றைய தெருக்களின் மேல் பொருத்திப் பார்த்து வெளியிட வேண்டும். எந்தத் தெரு கால்வாயின் மேல் கிடக்கிறது என்பது அங்கே குடியிருப்பவருக்கும், இனி மனை வாங்கப்போகிறவருக்கும் தெரிய வேண்டும். ஒவ்வோர் ஏரியின் கலங்கல் மட்டமும் பொது இடத்தில் எழுதிவைக்கப்பட வேண்டும். வெள்ளத்தைத் தாங்குவதையும் நிலத்தடி நீரூட்டுவதையும் ஏரியின் அதிகாரபூர்வ வேலையாக எழுதி, ஆயக்கட்டு இல்லாத ஏரிக்கும் ஆண்டுதோறும் பணம் ஒதுக்க வேண்டும். கால்வாயின் மேல் வீடு கட்டியவர் எளியவராக இருந்தால் அதே ஊருக்குள் மாற்றிடம் தந்துவிட்டுத்தான் அகற்ற வேண்டும்.

இவற்றை யாரிடம் கேட்பது என்பதுதான் இன்றைய முட்டுக்கட்டை. 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும் சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆயின. அதுவரை துண்டு துண்டாகக் கிடந்த மேல் ஏரிகள் முதன்முறையாக ஒரே நிர்வாகத்தின் எல்லைக்குள் வந்தன, நல்ல வாய்ப்பு. ஆனால் செம்பாக்கத்திலிருந்து வழியும் தண்ணீர் நன்மங்கலத்தில் ஊராட்சி எல்லைக்குள் போகிறது, கீழ்க்கட்டளையில் மறுபடி தாம்பரம் மாநகராட்சிக்குள் வருகிறது, நாராயணபுரத்துக்கு வந்ததும் சென்னை மாநகராட்சி. ஏரிகள் பொதுப்பணித் துறையிலிருந்து பிரிந்த நீர்வளத் துறையிடம், சாலைக்கு அடியில் உள்ள பாலங்கள் நெடுஞ்சாலைத் துறையிடம், சதுப்பின் ஒரு பகுதி வனத்துறையிடம். செம்பாக்கம் கலங்கலில் தொடங்கி ஒக்கியம் மடுவு வரை அந்தத் தண்ணீர் முழு வழியும் தடையின்றிப் போகிறதா என்று ஒவ்வோர் ஐப்பசிக்கும் முன்னால் நடந்துபோய்ப் பார்த்துக் கையெழுத்திட வேண்டிய அதிகாரி ஒருவரை அரசு நியமிக்க வேண்டும்.